இடது பக்கம் மூன்று

அன்று காலை நோட்டில் நான்கு பத்தி பிரித்துக் கோடு போட்டேன்: சுற்று, நேரம், பார்த்தது, நினைத்தது. மாலை வகுப்பில் எங்கள் வாகனவியல் ஆசிரியை சொல்லிக்கொடுத்த முறை. எனக்குக் கடைசிப் பத்திதான் முதலில் நிரம்பும். அதனால் அதை வேண்டுமென்றே ஒடுக்கமாகப் போட்டேன்.

எங்கள் பந்தயப் பாதை ஆர்டென் காட்டுக்குள் ஏழு கிலோமீட்டர் சுற்றி வருகிறது. கார்கள் புறப்படும் மேட்டில் வெயில் அடிக்கும். அதே நேரம் காட்டுப் பள்ளத்தில் மழை கொட்டும். ஆகவே ஒவ்வொரு குழுவும் பள்ளத்து வளைவில் வயர்லெஸ்ஸோடு ஒருவரை நிறுத்தி வைக்கும். எங்கள் குழுவில் அது நான். தரையைப் பார்த்து ஒரு எண் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காய்ந்த தரைக்குப் பூஜ்யம், தண்ணீர் தேங்கி நின்றால் ஐந்து. குழுத்தலைவர் கிஸ்லேன் வகுத்த அளவு அது. "கதை வேணாம், எண் சொல்லு" என்பார்.

காரை ஓட்டுகிறவள் ஒடில். மற்ற நாட்களில் பால் லாரி ஓட்டுகிறாள். அது அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். அவளும் வெர்மூலன் என்பவரும் சம புள்ளியில் இருந்தார்கள். இருவரில் யார் முன்னால் முடிக்கிறார்களோ அவர்களுக்கு அடுத்த வருடம் பெரிய பந்தயங்களில் ஓட்ட இடம். இல்லாவிட்டால் காரை விற்றுவிடப் போவதாக ஒடில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

"அலீன், மே மாசம் பண்ணின மாதிரி 'ரெண்டுன்னு நினைக்கிறேன், ஒருவேளை ரெண்டரையோ'ன்னு இழுக்காதடீ. நீ முடிக்கிறதுக்குள்ள நான் வேலியில மோதி நிப்பேன்" என்றாள் ஒடில், புறப்படும் முன்.

"அரையெல்லாம் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"கிட்டத்தட்ட."

ஹெல்மெட்டுக்குள் அவள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

பந்தயம் இருபது சுற்று. விடிகாலையிலிருந்து பெய்த மழை தொடங்கும் நேரத்தில் விட்டிருந்தது. எல்லோரும் மழை டயரில் புறப்பட்டார்கள். அதன் ஆழமான பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியே வீசும். ஆனால் தரை காயக் காய அந்த மெத்தென்ற ரப்பர் சூடேறிப் பிய்ந்துபோகும். அப்போது பாதையோரப் பட்டறைக்குள் வந்து பள்ளமே இல்லாத வழவழப்பு டயருக்கு மாற வேண்டும். சீக்கிரம் மாறினால் வழுக்கும். தாமதித்தால் மற்றவர்கள் போய்விடுவார்கள்.

முதல் சுற்றில் நான்கு சொன்னேன். ஐந்தாவதில் மூன்று. எட்டாவது சுற்றில் கார்களுக்குப் பின்னால் எழுந்த நீர்ப்புகை சக்கர உயரத்துக்குக்கூட வரவில்லை. முன்னால் போன இரண்டு பேர் நேர்ப்பாதையை விட்டு விலகி, வலது ஓரப் புல்லை உரசிக்கொண்டு போனார்கள். டயர் சூட்டைத் தணிக்க ஈரம் தேடுகிறார்கள். அதையும் எழுதிக்கொண்டேன்.

"ஒன்று" என்றேன்.

"உறுதியா?" என்றார் கிஸ்லேன்.

"கார் போற தடத்துல ஒன்று."

ஒடில்தான் முதலில் உள்ளே போய் டயர் மாற்றினாள். என் எண் சரியாக இருந்தது. அடுத்தடுத்த சுற்றுகளில் மற்றவர்களைவிட நான்கு வினாடி வேகமாக வந்தாள். பதினோராவது சுற்றின் முடிவில் வெர்மூலன் டயர் மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, ஒடில் அவருக்கு ஒரு கார் நீளம் பின்னால் இருந்தாள். அவருடைய புது டயர் குளிர்ந்திருந்தது; அவளுடையது சூடாக இருந்தது. அந்த ஒரு சுற்றுக்குத்தான் அந்த வித்தியாசம். முந்துவதற்கு ஏற்ற இடம் என் வளைவுக்கு இறங்கும் சரிவு. அதற்கு அவள் தடத்தை விட்டு இடது பக்கம் போக வேண்டும்.

வயர்லெஸ்ஸில் அவள் குரலே வந்தது. "இடது பக்கம் எவ்வளவு? சீக்கிரம்!"

பார்த்தேன். பீச் மரங்களுக்குக் கீழே, இடது பக்கம் முப்பது மீட்டருக்குத் தரை கறுப்பாக இருந்தது. இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டும் இருந்தது. அரை சொல்லக் கூடாது.

"மூன்று."

சரிவின் உச்சியில் அவள் கார் தெரிந்தது. மூக்கு இடது பக்கம் லேசாகத் திரும்பியது. பிறகு திரும்பவும் தடத்துக்கே வந்து, வெர்மூலனுக்குப் பின்னால் போனது. அடுத்த சுற்றில் அவருடைய டயரும் சூடாகிவிட்டது. மீதி எட்டுச் சுற்றும் அவர் வாலைப் பிடித்தபடியே ஓடி, அரை வினாடியில் தோற்றாள்.

பாதையைத் திறந்துவிட்டதும் அந்தக் கறுப்பிடத்துக்கு நடந்தேன். உள்ளங்கையை வைத்தேன். காய்ந்திருந்தது. அதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டதே என்று என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். ஆனால் கறுப்பின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. ஈரம் அப்படி நேர்கோட்டில் நிற்காது.

வளைவில் கொடி காட்டும் ஊழியர் கொடியைச் சுருட்டியபடி என்னைப் பார்த்தார். "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா? அது ஆகஸ்ட்ல போட்ட புதுத் தார். ரெண்டு குளிர்காலம் போனா வெளுத்துடும்."

மே மாதத்துக்குப் பிறகு நான் இங்கே வந்திருக்கவில்லை. நோட்டைப் புரட்டினேன். எட்டாவது சுற்று: ஈரம் தேடி வலது ஓரம் போகிறார்கள். இடது பக்கம் ஈரமாக இருந்திருந்தால் புல்லை உரசிக்கொண்டு ஏன் போக வேண்டும்? என் கையாலேயே எழுதியிருக்கிறேன். படிக்கவில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேட்டுக்கு ஏறும் வரை அதை யோசித்தேன்.

ஒடில் அடுக்கிவைத்த மழை டயர்கள் மேல் உட்கார்ந்து உருளை வறுவல் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கிஸ்லேன் நின்றார். சொன்னேன். அவள் வாயிலிருந்ததை மென்று முடித்தாள்.

"உனக்கு மூணுன்னு தெரிஞ்சுதா, இல்ல தெரியலையா?"

"தெரியல. கறுப்பா இருந்துச்சு."

"அப்ப தெரியலன்னு சொல்லியிருக்கணும்."

"அதுக்கு எண் கிடையாதே" என்றார் கிஸ்லேன்.

"அதான் சொல்றேன். தெரியலன்னு சொன்னா முடிவு என்னுது. மூணுன்னு சொன்னதும் அது உங்களுது ஆயிடுச்சு."

கிஸ்லேன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"தெரியலன்னு சொல்லியிருந்தா போயிருப்பியா?" என்று கேட்டேன்.

"அது இனிமே எப்படித் தெரியும்?" காகிதக் கூம்பை என் பக்கம் நீட்டினாள். இரண்டு எடுத்தேன். ஆறிப்போயிருந்தது.

பன்னிரண்டாவது சுற்றுக்கு நேராக 'பார்த்தது' பத்தியில் 'ஈரம்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு 'கறுப்பு' என்று எழுதினேன். ஈரத்தைப் பக்கத்துப் பத்திக்கு மாற்றினேன். ஒடுக்கமான இடத்தில் அது சரியாக அடங்கியது.

டயர்களை வண்டியில் ஏற்றும்போது ஒடில் சொன்னாள்: "சனிக்கிழமை கார் பாக்க ஆள் வராங்க. நீயும் வா. டயர் இன்னும் எத்தனை பந்தயம் தாங்கும்னு கேட்டா என்னடீ சொல்லுவே?"

"குனிஞ்சு தொட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

"அப்பவும் தெரியலன்னா?"

"தெரியலன்னு சொல்றேன்."

"நல்லா வித்துக் குடுப்படீ நீ" என்று அடுத்த டயரை என் பக்கம் உருட்டிவிட்டாள்.