கடற்கரை சும்மா இருந்த ஏழு நாள்

மாரிசெல்வி மேல்படிப்புக்கு விண்ணப்பப் பாரம் வாங்கி வந்த அன்றே அவள் அப்பா கடற்கரை அதைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தார். காகிதம் என்றாலே அவருக்கு ஆகாது. ஒரு காலத்தில் இலவச விளக்குக்கு என்று சொல்லி எவனோ அவரிடம் கையெழுத்து வாங்கிப் போனான். விளக்கு வரவில்லை, சம்மன் வந்தது. யாரோ யார் மண்டையையோ உடைத்த வழக்கில் இவர் கண்ணால் கண்ட சாட்சியாம். மூன்று வருடம் ஆட்டை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்தார். அதிலிருந்து ரேஷன் கடைக்குக்கூடப் பெண்டாட்டி வெயிலம்மாளைத்தான் அனுப்புவார்.

"என்ன படிப்புட்டி அது?"

"எம்.ஏ.தாம்ப்பா. ஜனங்க ஓய்வு நேரத்த எப்படிக் கழிக்காவ, பொழுதுபோக்குக்கு என்ன வசதி செஞ்சு குடுக்கணும்னு படிக்கது. மதுரையில ஒரு காலேஜுல இருக்கு."

"சும்மா இருக்கதுக்கு ரெண்டு வருசம் படிக்கணுமா? நாகலாபுரம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கான் பாரு, அம்புட்டுப் பேரையும் வாத்தியாராப் போடலாமே!"

மாரிசெல்வி சிரிக்கவில்லை. கோவில்பட்டிக் கல்லூரியில் பி.ஏ. முடிக்கிற வரைக்கும் லீவுக்கு லீவு தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ப் பெட்டிக்குத் தாள் ஒட்டியவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால், தன்னோடு தாள் ஒட்டுகிற சிறுசுகளைக் கூட்டிப்போய் வறண்ட கண்மாய்க்குள் கோடு கிழித்து விளையாட விடுவாள். இந்தப் படிப்புக்கு இடம் கிடைக்காவிட்டால் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸ்தான். மகள் சோற்றைப் பிசைகிறபோது, பசை தின்ற அவள் விரல் நுனிகளைக் கடற்கரை பார்க்காத மாதிரிப் பார்ப்பார். அதனால் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் பாரத்தோடு ஒரு வம்பும் வந்திருந்தது. வீட்டில் ஒரு ஆள் ஏழு நாள், அரைமணிக்கு அரைமணி என்ன செய்தார், அது வேலையா ஓய்வா என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். எழுதியது நிஜம்தான் என்று அந்த ஆள் கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்தாம் நாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போக வேண்டும்.

"உங்களத்தாம்ப்பா எழுதப்போறேன்."

"என்னையவா? உங்க ஆத்தாள எழுது."

அடுப்படியிலிருந்து வெயிலம்மாள் குரல் கொடுத்தாள். "என்னைய எழுதினா ஓய்வுக் கட்டம் காலியாக் கெடக்கும். ஒங்கப்பாவ எழுது. ஒரு நோட்டு பத்தாது."

கடற்கரைக்கு நோட்டில் பெயர் எழுதுகிறவர்களைப் பற்றித் தெரியும். மழை பொய்த்த வருடங்களில் கண்மாயில் மண் வெட்டும் நிவாரண வேலைக்குப் போனவர் அவர். ஓவர்சியர் வருகிற நேரத்தில் உட்கார்ந்திருந்தவன் பெயருக்கு மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டில் கோடு விழும். கோடு விழுந்தால் கூலி கிடையாது. இந்தக் காலேஜ்காரனும் அப்படித்தான் ஆள் பார்க்கிறான் என்று அவருக்குப் பட்டது. சோம்பேறி வீட்டுப் பிள்ளைக்கு எவன் இடம் கொடுப்பான்?

மறுநாள் விடிந்ததிலிருந்து கடற்கரை உட்காரவில்லை. வீட்டில் மாடே கிடையாது, ஆனாலும் மாடு பூட்டுகிற பழைய மேக்காலைத் துடைத்து எண்ணெய் போட்டார். அடிபம்பிலிருந்து தண்ணீர் சுமந்தார். வெயிலம்மாள் பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்குக் கிழக்கே கிடந்த கல் குவியலை மேற்கே சுமந்தார். நாலாம் நாள் வேறு வேலை அகப்படாமல் திரும்பக் கிழக்கே கொண்டுவந்து போட்டார். ஆடு மேய்க்கிற இடத்திலும் கம்பில் சாய்ந்து நிற்காமல் மந்தையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஆடுகளும் மேய்ச்சலை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே சுற்றின.

வேலிக்கருவை நிழலில் பாறையில் ஆடுபுலிக் கட்டம் கீறி வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் காத்திருந்தார். பக்கத்துப் புஞ்சைக்காரர், முப்பது வருட ஆட்டக்கூட்டாளி.

"என்ன வே, புலிய வச்சுட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருக்க?"

கடற்கரை ஓரக்கண்ணால், நோட்டோடு பின்னால் வந்த மகளைப் பார்த்தார். "நீரு யாருவே? உம்ம நான் பாத்ததே இல்லையே!"

"எம் புஞ்சையில ஆட்டுக் கிடையப் போட்டுக்கிட்டு என்னையே தெரியலையா?" ஆசீர்வாதம் வாயைப் பிளந்தார். "ஏம்மா மாரி, அப்பாவுக்கு வெயில் கொண்டுட்டா?"

ஏழாம் நாள் சாயங்காலம் மாரிசெல்வி நோட்டை மூடிவைத்து அழுதாள்.

"ஏட்டி, எதுக்கு அழுத? ஒரு கோடு விழுந்திருக்கா? முழு ஏழு நாளும் வேலை பாத்திருக்கேன்லா!"

"எப்பா, இது மஸ்டர் இல்லப்பா! ஓய்வப் பத்திப் படிக்கப்போறவ, ஓய்வே இல்லாத ஆள எழுதிக்கிட்டுப் போய் என்னத்தச் சொல்ல? ஏழு நாளும் நீங்க நடிச்சீய. நானும் அத எழுதினேன். இதக் கொண்டுபோனா முகத்துல வீசிருவாவ."

கடற்கரை விரல் விட்டு நாள்களை எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார். "இன்னும் எத்தன நாள் இருக்கு?"

"எட்டு."

"அப்போ நாளையிலருந்து திரும்ப எழுது. ஆனா ஒண்ணு, உன் நோட்ட நான் நம்ப மாட்டேன். நீ ஓய்வுன்னு எழுதுத ஒவ்வொரு அரைமணிக்கும் என் மடியில கணக்குக்கு ஒரு கல்லு விழணும்."

மறுநாள் மத்தியானத்துக்குள்ளேயே மடி கனத்தது. ஆசீர்வாதம் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து சாட்சி சொன்னார். கம்பில் சாய்ந்து நின்றது ஆடு பார்ப்பதில்தான் சேர்த்தி என்று கடற்கரை அடம்பிடித்தபோது ஆசீர்வாதம் விடவில்லை.

"அது ஓய்வுதாம்மா, எழுது. முந்தி ஒருநாள் இவரு நின்னுக்கிட்டே கண்ண மூடிட்டாரு. ரெண்டு ஆடு எங்க வீட்டுக் கொடியில கெடந்த சேலையத் தின்னுட்டு வந்து பக்கத்துல நிக்கி, இவருக்குத் தெரியல."

"உம்ம கிட்ட யாருவே கேட்டா?"

"என்னையத்தான் தெரியாதுன்னேரே. தெரியாத ஆளு பொய் சொல்லுவானா?"

சண்டை பெரிதானது தூக்கத்தில்தான். கோடையில் கரிசல் புஞ்சைகளில் ஆட்டைக் கிடை போடுவார்கள். விடிய விடிய மந்தை அங்கே கிடந்து, புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும். ஆட்டுக்காரர் மந்தைக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும், புஞ்சைக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். மாரிசெல்வி தூக்கத்தை ஓய்வுக் கட்டத்தில் எழுதப்போனபோது கடற்கரை குதித்தார்.

"அது என் வேலைட்டி! நான் அங்கன படுத்தாத்தான் கிடை. தூங்கத்தான் கூலி!"

இந்த ஒரு விஷயத்தில் ஆசீர்வாதம் கூட்டாளி பக்கம் நின்றார். "அது நெசந்தாம்மா. கூலி குடுக்குதவன் நானு. இவரு விடுத கொறட்டைக்குத்தான் நரி அண்ட மாட்டேங்கு."

கல்லூரிக்குப் போவதற்கு முந்தின நாள் மாரிசெல்வி நோட்டின் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். "கடற்கரை, வயது அறுபத்திரண்டு. இவர் தூங்கும்போது வேலை செய்கிறார். விழித்திருக்கும்போது பெரும்பாலும் ஓய்வில் இருக்கிறார்."

வெயிலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இருபத்தெட்டு வருசமா நான் சொல்லிட்டிருந்தேன். இப்பதான் எழுத்துல வந்திருக்கு."

கடற்கரைக்குக் காது சிவந்தது. இது தாலுகா ஆபீஸ்காரன் கையில் சிக்கினால் என்ன ஆகும்? ஊர்க்காரன் வாயில் விழுந்தால்? பேனாவை நீட்டிய மகளின் விரல் நுனியைப் பார்த்தார். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டி, க-ட-ற்-க-ரை என்று போட்டார். போட்ட கையோடு சொன்னார். "நாளைக்கு நானும் வாரேன். என் கையெழுத்து எங்கன போகுதுன்னு பாக்கணும்."

கல்லூரியில் பெயரைக் கொடுத்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிர் அறை ஜன்னல் வழியாக மூன்று பேராசிரியர்களும் சுவர்க் கடிகாரமும் தெரிந்தன. டீ வந்தது. பேசினார்கள், சிரித்தார்கள். ஒருத்தர் பேப்பர் படித்தார். மறுபடியும் டீ வந்தது. கடற்கரை முற்றத்தில் குனிந்து கொஞ்சம் கல் பொறுக்கி வந்தார். பெரிய முள் கீழே வந்தால் மடியில் ஒரு கல், மேலே போனால் ஒரு கல். ஏழாவது கல் விழுந்த பிறகுதான் மாரிசெல்வியைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே அவளிடம் கேட்டது கொஞ்சம்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, தூக்கம் வேலையா ஓய்வா என்று மூன்று பேரும் தங்களுக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் வெளியே வந்தாள், முகமெல்லாம் பல்லாக. பின்னாலேயே கண்ணாடி போட்ட பேராசிரியர் ஒருத்தர் வந்தார்.

"உங்க பொண்ணுக்கு இடம் கொடுத்தாச்சு. தூங்கிக்கிட்டே வேலை பார்க்கிற பெரியவர் நீங்கதானா?"

"ஆமாய்யா. அதுதான் எழுத்துல இருக்கே." கடற்கரை மடியை அவிழ்த்து நீட்டினார். "ஏழு கல்லு. நீங்க மூணு பேரும் காலையிலருந்து இருந்த கணக்கு. இத எந்தக் கட்டத்துல போட?"

பேராசிரியர் கல்லையும் பார்த்தார், டீ டம்ளர்களையும் பார்த்தார். மாரிசெல்வி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"எப்பா, அதப் போய் எதுக்கு எண்ணினீய?"

"இடம் இல்லேன்னு சொல்லியிருந்தான்னா, எடுத்துக் காட்டணும்லா."

"அதான் குடுத்துட்டாவல்லா. கீழ போடுங்க."

கடற்கரை போடவில்லை. "படிப்பு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு" என்று சொல்லி, மடியை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.