யாருக்குக் கொடுத்த முடிவு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. என்னுடைய கதை ஒன்று வெளிவருவதற்கு முன்பே போன் போனாகச் சுற்றிவிட்டது. அதை வெளியே விட்டது யார் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் நான் அந்த ஆளைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஒருத்திக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் இன்னொருத்தியின் தொழில் படுத்துவிடும்.

[இதை இவ்வளவு சீக்கிரம் போட்டு உடைத்திருக்கக் கூடாது என்று கதை எழுதப் படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தட்டுத்தடுமாறி நானாகக் கற்றுக்கொண்டது. கேட்க உட்கார்ந்தவர்களைக் காக்கவைக்க எனக்கு மனசு வராது.]

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு" — மழையே பெய்யவில்லை. விட்டுவிட்டேன்.

பிறகு இப்படி: "திருட்டு என்றால் என்ன? மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து" — மனிதகுலத்தோடு எனக்குப் பழக்கம் இல்லை. எனக்குப் பழக்கமானது டயாலிசிஸ் வார்டும் அதன் படுக்கைகளும்தான். அங்கிருந்தே வருகிறேன்.

2

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது வாரத்தில் மூன்று நாள், ஒரு கையை நீட்டியபடி படுத்திருக்கிறார். அந்தக் கையிலிருந்து ரத்தம் ஒரு குழாய் வழியாகப் போய், மெஷினில் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்புகிறது. பக்கத்து நாற்காலி என்னுடையது. ஜன்னல் ஓரப் படுக்கை, கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவருடையது. எதிர்ச் சுவரில் ஒரு டிவி. சத்தத்தைக் கூட்டவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

அன்றைக்கு டிவியில் ஒருவனைப் பிடித்துப் போனார்கள். படம், பாட்டு, புத்தகம் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளட்டும் என்று ஒரு தளம் நடத்தினவனாம். முகத்தில் துண்டு.

"பாவம்பா. கொலையா பண்ணிட்டான்?" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"திருடினா புடிக்காம மாலை போடுவாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"யோவ் லிஃப்ட்டு, உன் சைக்கிளை நான் ஓட்டிட்டுப் போனா உன்கிட்ட சைக்கிள் இருக்காது. அது திருட்டு. உன் சைக்கிளைப் பார்த்து நான் ஒண்ணு செஞ்சுக்கிட்டா? உன்னுது உன்கிட்டயே இருக்கு. காணாமப் போகாத பொருளை எப்படிய்யா திருடறது?"

"அப்ப எதுக்கு உன் கடைக்கு அத்தாம்பெரிய பூட்டு?"

"மெஷின் காணாமப் போகும்ல!"

சிரித்ததில் என் வீட்டுக்காரர் கை ஆடிவிட்டது. மெஷின் கீச்சிட்டது. எங்கிருந்தோ ஒரு மெட்டை முணுமுணுத்தபடியே தேனீ வந்து சேர்ந்தாள். டெக்னீஷியன் பெண் அவள். எந்நேரமும் ஏதாவது முணுமுணுப்பாள், வந்து குத்துவாள்; அதனால் வார்டு வைத்த பெயர் அது.

"சிரிச்சா கை ஆடும். கை ஆடினா மெஷின் கத்தும். மெஷின் கத்தினா அப்புறம் நான் கத்துவேன். எது வேணும்?" என்று குழாயைச் சரிசெய்தாள்.

அதற்குள் அடுத்த செய்தி. வேறு எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் யாரோ எதையோ இறக்கப்போய், அதில் ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று கம்ப்யூட்டர் அத்தனையையும் பூட்டிவிட்டதாம். ஆபரேஷன்கள் பாதியில் நிற்கின்றனவாம்.

"அங்க நம்மள மாதிரி படுத்திருந்தவங்க?" என்றார் இவர்.

ஜெராக்ஸ்காரர் தன் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மெஷின்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்த வாரமே நர்ஸ் மேஜைக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டினார்கள். வார்டின் டேப்லெட்டிலோ கம்ப்யூட்டரிலோ வெளி ஃபைல் எதையாவது ஏற்றினால், அங்கிருந்து அனுப்பினால், விசாரணை கிடையாது. அன்றைக்கே வேலையை விட்டு நீக்கம்.

3

நான் வேலை செய்கிற விதத்தை இங்கே சொல்லாவிட்டால் மேலே போக முடியாது.

நான் கதையை எழுதிவைத்துப் படிப்பவள் அல்ல. சொல்பவள்.* ஒரு கதை பிடிபட்டதும், போனில் பேசிப் பதிந்து மூன்று பேருக்கு அனுப்புவேன். ஒரு தையற்காரர், ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர், தேனீ. அவர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே அலுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு, பிறகு ஸ்டூடியோவில் ஒழுங்காகச் சொல்லுவேன்.

(* நீங்கள் படிக்கிற இந்தக் கதையை மட்டும் எழுதுகிறேன். இதைச் சொல்ல என் குரல் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.)

மூன்று பேருக்கும் கதை ஒன்றுதான். முடிவு மட்டும் ஆளுக்கு ஒன்று. சோதிப்பதற்காக அல்ல, சத்தியமாக. பதியும்போது அந்த ஆளின் முகம் எதிரே வந்து நிற்கும். வாய் அதற்கேற்ற மாதிரி போய்விடும்.

வெளியே போன அந்தக் கதையில், பேச்சுவார்த்தை இல்லாத அக்காவும் தங்கையும் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். விளக்கு அணைந்துவிடுகிறது. தையற்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் ஆகாது. ராசியாகிவிட்டார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருக்குச் சொன்னதில் கதவு திறக்கிறது, ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். ஓட்டுநருக்கு எந்தக் கதையிலும் எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட வேண்டும். அவருக்குச் சொன்னதில் லிஃப்ட் கிளம்பிவிடுகிறது. தேனீக்குச் சொன்னதில் கதவு திறக்கவே இல்லை. இருட்டில் தங்கை ஒரு மெட்டை முணுமுணுக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, அக்கா அடுத்த வரியை முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான்.

ஊரெல்லாம் சுற்றுகிற பிரதி முணுமுணுப்பில் முடிகிறது.

4

என் கதைகளை ஒலிப்புத்தகமாக்கி ஒரு கம்பெனியின் ஆப்பில் விற்பவள் என் தங்கை மகள். ஒரு அறையின் நான்கு சுவரிலும் பழைய மெத்தைகளை அடித்து ஸ்டூடியோ ஆக்கியிருக்கிறாள். உள்ளே போனால் நம் மூச்சே நமக்குக் கேட்கும்.

[இவளை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். குதிகால் செருப்பு, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசும் வழக்கம், எல்லாம் போட்டேன். அவள் கொடுமைக்காரியாக இருந்தால் என் பாடு எவ்வளவு சுலபம்! அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டேன். அவள் வெறுங்காலோடுதான் இருப்பாள். செருப்புச் சத்தம் பதிவில் விழுந்துவிடும் என்பதற்காக.]

"சுத்தறதுல உங்க இருமல் அப்படியே இருக்கு பெரியம்மா," என்றாள். "நான் முடிச்ச ஃபைல்ல ஒரு இருமல்கூட இருக்காது. அதனால இது என் ரூம்லேர்ந்து போகல. உங்க ஆளுங்க யாரோதான்."

"கேட்டவங்க சந்தோஷப்படறாங்கடி. யாரோ ஒருத்தர் அழுதாங்களாம்."

"அழட்டும். வெளியாகறதுக்கு முன்னாடி யாருக்கும் போகாதுன்னு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவ நான். வெள்ளிக்கிழமைக்குள்ள யார் விட்டதுன்னு சொல்லணும். இல்லைன்னா நான் அங்க போட்ட கதை எல்லாத்தையும் ஆப்லேர்ந்து தூக்கிடுவாங்க. உங்களுது மட்டும் இல்ல, எல்லாத்தையும்."

"யாருன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?"

"எங்கேர்ந்து போச்சோ அந்த இடத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "உங்க கதையைத் திருடிட்டாங்க, திருடிட்டாங்கன்னு எல்லாரும் பேசறாங்க. உங்க இருமலை ஒவ்வொண்ணா உட்கார்ந்து எடுத்தவ நான் பெரியம்மா. அதைப் பத்தி யாராவது பேசறாங்களா?"

அந்த இடம் என்றால் வார்டு. நோட்டீஸ் வார்டுக்கு வந்தால் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கும் காகிதத்துக்கு உயிர் வந்துவிடும்.

5

தேனீயிடம் கேட்பதற்கு நான் தேர்ந்தெடுத்த நேரம் இருக்கிறதே, அதைப்போல் ஒரு மடத்தனம் இல்லை. அவள் இவர் கையைத் தடவி ரத்தக்குழாய் துடிக்கிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஊசி உறையிலிருந்து வெளியே வந்துவிட்டது.

"கண்ணு, அந்த லிஃப்ட் கதையை யாருக்காவது அனுப்பினியா?"

"ஆமாம்மா. இவங்க எல்லாருக்கும்தான்." ஊசியை நிதானமாக இறக்கினாள். முணுமுணுப்பு நிற்கவில்லை. "கால் இழுத்துப் புடிக்கும்போது கடிகாரத்தையே பார்த்துட்டிருப்பாங்க. கதை ஓடினா பார்க்க மாட்டாங்க. வார்டு டேப்லெட்லேர்ந்து எல்லாருக்கும் ஒரே தட்டு."

"அந்தக் காகிதம் ஒட்டினதுக்கு அப்புறமா?"

"அது வெளி ஃபைலுக்குத்தானேம்மா? இது நீங்க எனக்குன்னு அனுப்பினது. வெளியாள் குரலா உங்களுது?"

ஜெராக்ஸ்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் என் மருமகனுக்கு அனுப்பினேன். அவன் ஆபீஸ் குரூப்ல போட்டான். நல்ல சரக்கு, சும்மா சொல்லக் கூடாது."

"ஊரெல்லாம் சுத்தறது உனக்கு மட்டும் சொன்ன முடிவு கண்ணு," என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. முணுமுணுப்பு நின்றது. இரண்டாவது ஊசி அவள் கையில் இருந்தது. அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை, அன்றைக்கு நடுங்கியது. கையை எடுத்தாள், மூச்சு விட்டாள், மறுபடி வைத்தாள்.

"நிதானமா போடும்மா," என்றார் இவர். "நான் எங்கயும் ஓடிடல."

சரியாகத்தான் போட்டாள். பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "எனக்கு மட்டும் அந்த முடிவுன்னு ஏம்மா நீங்க சொல்லல?"

[இந்தக் கேள்வியைக் கதையிலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன். எடுத்தால் கதை நிற்கவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வார்டு என்று நான் சொல்லும் இடம் வார்டு அல்ல. அவளுடைய வேலையை மாற்றியிருக்கிறேன், அவள் பழக்கத்தை மாற்றியிருக்கிறேன். முணுமுணுப்பவர்களைத் தேடிக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். நடுங்கிய கை மட்டும் உண்மை.]

6

வெள்ளிக்கிழமை வருவதற்குள் இந்தக் கதைக்கு முடிவுகள் போட்டுப் பார்த்தேன்.

பழியை நானே ஏற்றுக்கொள்கிறேன்: "நான்தான் தெரியாமல் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன், வயசான கை" — கையெழுத்துப் போட்டவள் தங்கை மகள். நான் அவளுடைய ஆள். நான் விட்டால் அவள் விட்ட மாதிரி. இது அவளைத்தான் முதலில் கவிழ்க்கும்.

தேனீ தானாகவே முன்வந்து ஒப்புக்கொள்கிறாள்: "நான்தான் என்று நிமிர்ந்து" — மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஒருத்தியை நிமிர்ந்து நிற்கச் சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தது?

கம்பெனி மனம் இரங்குகிறது: "அந்தக் கதையைக் கேட்ட மேலாளர் கண்" — இதை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

அப்படியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மெத்தை அறையில் என்னை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தாள் தங்கை மகள். அன்றைய வேலையும் பாக்கி இருந்தது. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆளுக்கொரு முடிவு சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும் பெரியம்மா. அந்த முடிவு யாருக்குச் சொன்னது?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"சரி, நானே கேட்டுக்கறேன்," என்று தையற்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம்.

"லிஃப்ட் கதையா? கேட்டேனே! இருட்டுல அந்தத் தங்கச்சி முணுமுணுப்பா பாருங்க…"

"அது எங்க பெரியம்மா உங்களுக்கு அனுப்பினதா?"

"அனுப்பினாங்க. என் மச்சானும் அனுப்பினான். பட்டன் கடைக்காரரும் அனுப்பினார். அக்கா அனுப்பினதுல கதவு திறந்த மாதிரி…" தையல் மெஷின் நின்றது. தங்கை மகள் பேனாவை எடுத்தாள். "…இல்லையே, அது வேற ஏதோ கதை. எனக்கு முணுமுணுப்புதான் ஞாபகம். அதுக்கப்புறம் எங்க அண்ணனுக்குப் போன் போட்டேன்மா. அவன் எடுக்கல. அது வேற விஷயம்."

ஓட்டுநருக்குப் போட்டாள். "முணுமுணுப்புதாங்க," என்றார் அவர். "ஏன், அவங்க பத்திரமா இறங்கிட்டாங்கல்ல?"

கண்ணுகளா, இதை நான் யோசித்து வைக்கவில்லை. கதை அத்தனை கை மாறியதில், அவரவருக்கு நான் கொடுத்த முடிவை அந்த ஒரே முடிவு மூடிவிட்டிருந்தது. எதனால் தேனீ மாட்டிக்கொள்வாளோ அதுவே அவளை மறைத்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. தங்கை மகளின் முகத்தைப் பார்க்கிறவரைக்கும்.

அவள் மூன்றாவது ஆளைக் கூப்பிடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். சுவரில் ஒரு மெத்தையின் மூலை பிரிந்து தொங்கியது. எழுந்து போய் அதை உள்ளே செருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவங்களுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும்," என்றாள். "சாயங்காலம் கம்பெனிக்காரங்க கூப்பிடுவாங்க. மைக் ஓடுது பெரியம்மா. சொல்லுங்க."

7

நான் வாயைத் திறந்தேன். முதலில் இருமல் வந்தது. இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு நான் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்பது இங்கே இல்லை.

இருந்தது. நேற்றுவரை இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது, நான்தான் எடுத்தேன். உங்களை ஏமாற்ற அல்ல. என் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் முடிவு சொன்னால் உங்கள் முகம் எதிரே வந்து நிற்கும், வாய் அதற்கேற்ற மாதிரி போய்விடும். அந்த முடிவை நீங்கள் ஆசையாக நாலு பேருக்கு அனுப்புவீர்கள். ஒருநாள் யாராவது அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது யாருக்குக் கொடுத்தது என்று என்னைக் கேட்பார்கள். தேனீ கேட்ட கேள்வியை நீங்களும் என்னைப் பார்க்காமல் கேட்பதை என்னால் தாங்க முடியாது.

அதனால் இதை இப்படியே எடுத்துப் போங்கள். யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். என் தங்கை மகளுக்கு அதில் கோபம் வரலாம். அந்தக் கோபம் நியாயமானது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.

முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கண்ணுகளா. ஒருத்திக்கு வேலை, இன்னொருத்திக்கு மெத்தை அறை. சிவப்பு விளக்கு எரிகிறது. போட்டபின் யாரிடமும் சொல்லாதீர்கள். அது யாருடைய முடிவு என்று கேட்டவுடன் தெரிந்துவிடும்.