தோளில் வைத்த பாதம்

காய்கறித் தோட்டங்கள் நிறைந்த வெரிபீ ஊரிலிருந்து வந்த பழைய வான் வண்டி நோபல் பார்க் மண்டபத்து வாசலில் நின்றதும் முதலில் இறங்கியது காலிஃபிளவர் வாசனை. அதற்குப் பின்னால் ஒரு கிழவரும் கிழவியும் இறங்கினார்கள். தோட்டத்திலிருந்து நேரே வந்தவர்கள் போல, சப்பாத்தில் மண்கூடக் காயவில்லை. கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த யோகராணிக்கு மனசு சப்பென்று போய்விட்டது. 'இவையளோ பிள்ளையளுக்குப் பழக்க வந்தவை?'

எழுபத்தெட்டாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இந்த நாட்டுக் குளிர்காலத்தில் விறைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த சனிக்கிழமை டான்டினோங்கில் போட்டி. பந்தாட்டக் கழகங்களுக்காக வண்ணக் குஞ்சம் ஆட்டி, ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்று உற்சாகம் ஊட்டும் பெண்பிள்ளைகளின் போட்டி. போன வருடம் இந்தக் குழுவுக்குக் கிடைத்தது கடைசி இடம். அதனால்தான் பயிற்சியாளர் டொரீன், சர்க்கஸில் முப்பது வருடம் வேலை செய்த இந்த ஹங்கேரித் தம்பதியை ஒரே ஒரு நாளைக்குக் கெஞ்சிக் கூப்பிட்டிருந்தாள். கிழவியின் பெயர் இலோனா, கிழவரின் பெயர் யோஷ்கா.

யோகராணியின் மகள் ரஞ்சினிக்குப் பதினாலு வயது, குழுவிலேயே மெலிந்த பிள்ளை. டெப்பி என்ற பெரிய பெண்ணின் தொடையில் ஒரு கால், தோளில் மறு கால் என்று ஏறி உச்சியில் நிற்க வேண்டியவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாக ஒருவரும் அவள் பெயரைக் கூப்பிட்டதில்லை. உச்சிக்குத் தெரிவானதிலிருந்து வாசலிலேயே "ரஞ்" என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் எட்டு எண்ணி முடிவதற்குள் நிமிர வேண்டியவள் ஒவ்வொரு முறையும் அரை எண் பிந்திவிடுகிறாள். தலைமயிர் கண்ணில் விழுகிறதென்று நினைத்து டொரீன் ஒரு பெட்டி கொண்டை ஊசி வாங்கிக் கொடுத்தாள். பலனில்லை. இன்றைக்கும் பிந்தினால் குழுவின் இன்னொரு பெண் சாண்ட்ராதான் உச்சியில் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

கிழவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். கிழவி சப்பாத்தைக் கழற்றினாள். அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான் யோகராணிக்குத் தெரியும். கண்ணிமைத்து முடிவதற்குள் அறுபது வயது மனுசி கணவரின் தோளில் நின்றுகொண்டிருந்தாள், வீட்டுப் படியில் ஏறினவள் மாதிரி. மூச்சுக்கூட வாங்கவில்லை. யோகராணியின் கையில் சாய்ந்த கோப்பையிலிருந்து தேநீர் சேலையில் சிந்தியதையும் அவள் கவனிக்கவில்லை.

பிறகு இலோனா நிலத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தாள். அரை மணிநேரம் அவர்கள் ஏறி இறங்கினார்கள். கடைசியில் ரஞ்சினியைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"காரணம் மயிர் இல்லை, பயமும் இல்லை. உன் கால் அவளில் பட்டதும் உன் கை அவளைத் தொடுகிறது. பிறகு அந்தக் கை உன் கண்ணுக்குப் போகிறது. ஏன்?"

ரஞ்சினி தாயைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். "காலால மிதிக்கிறன்தானே. அதுக்கு சாரி சொல்றது. கை தன்பாட்டில போகுது."

டெப்பி வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கட வீட்டு நாயே என்னை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் மிதிக்குது. ஒருநாளும் சாரி சொன்னதில்லை!"

"அப்படியென்றால் செய்யாதே, முடிந்தது" என்றாள் டொரீன்.

ரஞ்சினி செய்யாமல் ஏறிப் பார்த்தாள். அடக்கிப் பிடித்த கை காலையும் விறைக்க வைத்தது. பாதம் வழுக்கியது. நிலத்தில் விழுமுன் யோஷ்கா ஒரு பூசணிக்காயை ஏந்துவது போல ஏந்தி இறக்கிவிட்டார். சாண்ட்ரா தன் சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

யோகராணி கோப்பையைக் கீழே வைத்தாள். மகள் நடை பழகிய காலத்தில் பேப்பரில் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்ற வைத்தது யார்? அவள்தான். நல்லதைத்தான் பழக்கினாள். அதுவே இப்போது பிள்ளையைக் கீழே இறக்குகிறது.

அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். நேரே போய்ப் பயிற்சிப் பாயில் கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்துகொண்டாள்.

"ஏறடி."

"அம்மா, என்ன செய்யிறீங்கள்? எழும்புங்கோ. எல்லாரும் பாக்கினம்!"

"பாக்கட்டும். ஏறு."

"உங்களுக்கு மேலயோ? ஏலாதம்மா."

"ஒன்பது மாசம் உள்ளுக்க இருந்து உதைச்சனீ. ஒருநாளாவது சாரி கேட்டனியோ? இப்ப வெளியில இருந்து ஒருக்கா மிதி."

ரஞ்சினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. குனிந்து தாயின் முதுகைத் தொட்டாள், கண்ணில் ஒற்றினாள். அதற்குப் பிறகுதான் காலை வைத்தாள்.

வலிக்கும் என்று யோகராணி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கவில்லை. பத்துக் குளிர்ந்த கால்விரல்கள் சேலையோடு முதுகைப் பற்றின, நடுங்கின, பிறகு அடங்கி நின்றன. தூக்கித் திரிந்த பிள்ளைக்கு எப்போது இவ்வளவு பாரம் வந்தது? இவ்வளவு நிதானம் எப்போது வந்தது?

இலோனா கையைத் தட்டினாள். "அதுதான்! ஏறுமுன் நான் இவர் தோளில் தட்டினேனே, கண்டாயா? வருகிறேன் என்று கீழே இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். நீயும் கேட்டுவிட்டு ஏறு. ஏறின பிறகு கேட்காதே."

மறுபடி எண்ணினார்கள். ஒன்றில் ரஞ்சினியின் கை டெப்பியின் தோளில் பட்டது. இரண்டில் கண்ணுக்குப் போனது.

"மன்னிச்சாச்சு, மேல போ!" என்று டெப்பி கத்தினாள்.

மூன்றில் தொடை, ஐந்தில் தோள். எட்டுக்கு ரஞ்சினி நிமிர்ந்து நின்றாள், இரண்டு கையிலும் மஞ்சள் குஞ்சம் விரிய.

"சாண்ட்ரா, நீ இடப்பக்கம் நில்" என்றாள் டொரீன்.

யோகராணி இன்னும் பாயில் முழங்காலில்தான் இருந்தாள். அண்ணாந்த தலையை இறக்க அவளுக்கு மனமில்லை. அவ்வளவு உயரத்தில் தன் வயிற்றுப் பிள்ளை நிற்பதை அவள் என்றைக்குப் பார்த்தாள்?

"அம்மா!" மேலேயிருந்து குரல் வந்தது. "இந்தக் கூரை வளையில ஆரோ அடிச்ச இறகுப் பூப்பந்துகள் கிடக்குது. கீழ இருந்து ஒருத்தருக்கும் தெரியாது!"

"எத்தினை கிடக்குது, பிள்ளை?"

"மூண்டு. இல்லை, நாலு!"