பூனையைச் சுழற்ற ஓர் அறை

தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் ஃபாஸில் தலையாட்டினார். வேண்டாமா என்று கேட்டாலும் அதே தலையாட்டல்தான். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் ஒரே இரவில் கொண்டுபோன பிறகு, எதற்கும் அவரிடம் மிஞ்சியிருந்த பதில் அது ஒன்றுதான். மனைவி ஸுலைஹாவுக்கு இது தெரியும். கொழும்பிலிருந்து வந்திருந்த மகன் ஸிபானுக்கு எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை.

"வாப்பா சரிண்டு தலையாட்டினார்தானே உம்மா. பொறகு என்ன யோசன?"

அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மாவில்மடையில் இந்த வீடு மேட்டில் இருக்கிறது. கிளினிக் நாளில் ஃபாஸிலைக் கதிரையோடு தூக்கிப் படியிறக்க அக்கம்பக்கத்தில் ஆள் தேட வேண்டும். கொழும்புப் பக்கம் தெஹிவளையில் அவனுடைய ப்ளாட்டில் லிஃப்ட் இருக்கிறது, இவர்கள் வந்து இருக்க ஓர் அறையும் ஒதுக்கி வைத்திருக்கிறான். இந்த வீட்டை வாங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பார்க்க வருகிறார்கள். பிள்ளை கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் முகத்தில் அடித்தாற்போல் ஒரு சொல் சொல்லி அனுப்பிவிடலாம்.

அவளுக்கென்று பெரிய பிடிவாதம் கிடையாது. எங்கே போனாலும் சோறாக்கத்தான் போகிறாள். ஆனால் இந்த வீட்டைக் கட்டிய மனிதர் போகலாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு தரமாவது சொல்ல வேண்டும். தலையாட்டலை நம்பி அவரைக் கிளப்பிக் கொண்டுபோக அவளுக்கு மனம் வரவில்லை.

கல்யாணமான புதிதில் கட்டுகஸ்தோட்டையில் மாமி வீட்டில், ஃபாஸிலின் தாயோடு இருந்தார்கள். ஹோலின் மூலையைப் பலகையால் மறைத்துத்தான் புதுமாப்பிள்ளைக்கு அறை. ஒரு கட்டில், ஓர் அலுமாரி, இரண்டுக்கும் நடுவில் ஒருவர் பக்கவாட்டில் நிற்க இடம். கொன்வென்டில் இங்கிலீஷில் படித்த பெண், வாய் சும்மா இருக்குமா? சுற்றிப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட அறையை வெள்ளைக்காரர்கள் பூனையைச் சுழற்றக்கூட இடமில்லாத அறை என்பார்கள் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கோபித்துக்கொள்வாரோ என்று பயம் வந்தது. ஃபாஸில் எழுந்து நின்றார். இல்லாத பூனையொன்றின் வாலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். கை அலுமாரியில் டொக்கென்று பட்டது.

"மெய்தான்," என்றார், கை முட்டியை ஊதிக்கொண்டே.

அவள் சிரித்த சிரிப்பில் பலகைக்கு அப்பால் மாமி இருமினார்.

அன்றிலிருந்து மனிதருக்குப் பூனைப் பைத்தியம். கடையை மூடிவிட்டு வந்ததும் "இண்டைக்கி என்ன பூனை ஈக்கி?" என்றுதான் கேட்பார். அவளும் இங்கிலீஷில் பூனை வரும் பேச்சாகத் தேடித் தேடிச் சொல்லிக்கொடுப்பாள். இரகசியத்தை உடைத்தால் பையிலிருந்து பூனையை விட்டாயிற்று. சாப்பிட்டு மதியம் கண்ணயர்ந்தால் பூனைத் தூக்கம். பேச்சு வராமல் நின்றால் நாக்கைப் பூனை கொண்டுபோய்விட்டது. "வெள்ளைக்காரன்ட ஊட்டுல வேற சாமானே இல்லயா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் அதையே மாமிக்கு முன்னால் பச்சைத் தமிழில் எடுத்து விடுவார். அந்தச் சின்ன வீட்டில் அவர்கள் இருவருக்கும் மட்டுமென்று இருந்தது அந்தப் பூனைகள்தான்.

ஸிபான் வயிற்றில் இருப்பதைக்கூட அவள் அப்படித்தான் சொன்னாள். "பைக்குள்ள ஒரு பூனை ஈக்கி. இப்பவே வெளிய விட வாணாம்." பலகைக்கு அப்பாலிருந்து அதைக் கேட்ட மாமி, வீட்டிலிருந்த பைகளையெல்லாம் உதறிப் பார்த்தார். பிறகு பாவமென்று குசினி வாசலில் மீன் தலை வைத்தார். அதற்கென்றே ஒரு செம்பட்டைப் பூனை வந்து சேர்ந்து, மாமி மௌத்தாகிக் கண்மூடும்வரை அவர் காலடியிலேயே கிடந்தது.

பிறகு இந்த வீடு. அத்திவாரம் போட்ட அன்று ஃபாஸில் ஹோலின் நடுவில் நின்று கையை வீசிச் சுழன்றார். "காணாது பாஸ், செவர இன்னம் தள்ளுங்க," என்றார். மேசன் பாஸ் அவளைத்தான் பரிதாபமாகப் பார்த்தார். குடிபுகுந்த அன்று, சாமான்கள் வருமுன், வெறும் ஹோலில் மறுபடி சுழன்றார். கை எதிலும் படவில்லை. அவருடைய முகத்தில் அன்றிருந்த பெருமையை ஸுலைஹா பிறகு மகனின் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

எல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. நாக்கைக் கொண்டுபோன பூனையை மட்டும் இப்போது அவள் வாயில் எடுப்பதில்லை.

"வாப்பா, ஒங்கட ரூமப் பாருங்க." ஸிபான் ஃபோனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான். வீடியோவில் புது மெத்தை வந்தது, புது அலுமாரி வந்தது, உடனே சுவர் வந்தது. "வடிவா ஈக்கா?"

ஃபாஸில் தலையாட்டவில்லை.

ஸுலைஹா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவருடைய இடது கை மடியிலிருந்து மெதுவாக எழும்பியது. விரல்கள் எதையோ பிடிப்பதுபோல் மூடின. மூடிய கை காற்றில் கால்வாசி வட்டம் போட்டு, ஃபோனின் விளிம்பில் டொக்கென்று இடித்தது.

"என்ன உம்மா? தேத்தண்ணியா கேக்குறார்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வாணாம்ண்டு செல்றார்."

"கையத்தானே ஆட்டினார்?"

ஃபாஸில் மகனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோணிய வாயின் ஓரத்தில் பழைய குறும்போடு. கை மறுபடி எழும்பியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மகன்," என்றாள் ஸுலைஹா.

ஒன்றும் விளங்காமல் ஸிபான் சுவரோரம் போய் நின்றான். ஹோலின் நடுவில் அந்த மெலிந்த கை, இல்லாத வாலை இறுகப் பிடித்துக்கொண்டு, எதிலும் படாமல் சுற்றிவந்தது.