சகலையின் கைராசி

சகலைக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நான் திருதிருவென்று முழிப்பதைவிட அது மேல்.

எங்கள் பன்றிப் பண்ணையில் நான் கருக்கூடத்துக்காரன். உயர்ந்த இனத்துப் பெண் பன்றியின் வயிற்றைத் திறந்து, ஆறு நாள் வயதுள்ள கருக்களை டாக்டரம்மா எடுத்துத் தருவார். அவற்றை நுண்ணோக்கியில் தேடிப் பிடித்து, கழுவி, தரம் பிரித்து, உரிய நேரம் வரை கெடாமல் வைத்திருப்பது என் பாடு. பிறகு நீளமான மெல்லிய குழாய் ஒன்றின் வழியே அவற்றை ஒரு சாதாரணப் பன்றியின் கருப்பைக்குள் செலுத்துவார்கள். அது சுமக்கும், அது பெறும். குட்டிக்குப் பெயரோ கருவைக் கொடுத்த உயர்ந்த இனத்தாளுடையது. சுமப்பவர் ஒருவர், பெயர் வாங்குபவர் வேறொருவர் என்பதுதான் இந்தத் தொழிலின் குணம். அது எனக்கு உறைக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று.

ஆறு மாதம் முன்பு என் மனைவி சொன்னாள்: "என் தங்கச்சி வீட்டுக்காரர் மாட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டு பைக்லயே சுத்தறார். இடுப்பு வலிங்கறார். உங்க பண்ணையில ஒரு வார்த்தை கேளுங்களேன்."

ஒரு வார்த்தை கேட்டேன். அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை திரும்ப வாங்க முடியவில்லை.

சகலை வந்தார். குழாய் செலுத்தும் வித்தையை இரண்டு வாரம் பழகினார். முதலில் மூன்று பன்றிகள், மூன்றும் சினை பிடித்தன. அவ்வளவுதான், பண்ணை முழுக்கக் கைராசிப் பேச்சு. கொட்டகைக்காரர் ஒருவர் இருக்கிறார், ரேடியோ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நிறுத்தக் குமிழ் இல்லாத ரேடியோ. அவர் என்னிடமே வந்து சொன்னார்:

"சார், உங்க சகலை குழாய எடுத்தாரு பாருங்க, பன்றி கண்ண மூடிக்கிட்டு சிலையாட்டம் நிக்குது!"

"இப்பத்தான் பருவம் முடிஞ்ச பன்றி அப்படித்தான்யா நிக்கும்."

"உங்களுக்கு நிக்கலையே சார். போன வருஷம் பன்றி உதைச்சு முட்டி பேந்துச்சே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. மழைக்காலத்தில் அந்த முட்டி இப்போதும் ஞாபகப்படுத்தும்.

அந்த மூன்று பன்றிக்குள்ளும் போன கரு ஒவ்வொன்றையும் கழுவியவன் நான். அதை யார் கேட்டார்கள்? மாமனார் ஃபோன் செய்தால்கூட என் உடம்பைப் பற்றி அரை வாக்கியம், பிறகு, "சின்ன மாப்பிள்ளைக்குப் பண்ணையில ரொம்ப நல்ல பேராமே?" என்று என்னிடமே விசாரிப்பார். நானும் "ஆமா மாமா" என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமா" சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த நிலைமையில்தான் முதலாளியம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கடைத்தெருவில் வளர்ந்த மனுஷி. எதிராளி வாய் திறக்குமுன் அவன் எந்த விலைக்கு இறங்குவான் என்று கண்ணிலேயே எடை போட்டுவிடுவார்.

"புதுக் கருக்கூடம் முடியப்போகுது. அதுக்கு ஒரு தலைவர் வேணும். வெளியாள் வேண்டாம், உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். மகாராணி காரியம் முடியட்டும், சொல்றேன்."

மகாராணி எங்கள் பண்ணையின் முதல்தரப் பன்றி. ஏற்கெனவே ஒரு தடவை வயிற்றைத் திறந்தாயிற்று. இன்னும் ஒரே தடவைதான் திறக்கலாம், அதற்குமேல் உள்ளே எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, இந்த முறை கிடைப்பதுதான் கடைசி. சரியாக வைத்திருந்து என் வேலை பேசினால் தலைவர் நான். கைராசி பேசினால் அவர்.

அன்று காலை முப்பத்தாறு கருக்கள் கிடைத்தன. இரண்டு சோனி, தள்ளிவிட்டேன். முப்பத்துநான்கையும் பலமுறை கழுவி மூன்று சிறு குழாய்களில் பிரித்து, இருபத்தைந்து டிகிரிப் பெட்டியில் வைத்தேன். பன்றிக் கருவுக்குள் கொழுப்பு அதிகம். குளிர் ஆகவே ஆகாது, பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் உயிர் தங்காது. மாட்டுக் கரு அப்படியில்லை, ஃப்ரிட்ஜில் வைத்தாலும் பேசாமல் கிடக்கும். பெட்டிமேல் இதையெல்லாம் எழுதி ஒட்டியிருக்கலாம். பதினோரு வருஷமாக என்னைத் தவிர அதைத் தொட்டவர் இல்லை, யாருக்காக ஒட்டுவது?

மதியம் சாப்பிடப் போனேன். எங்கள் பண்ணையில் வெளியே போய்விட்டு உள்ளே வருவதென்றால் தலையோடு குளித்து, பண்ணை உடுப்பு மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும். நோய் வந்துவிடக் கூடாதே என்று. ஈரத் தலையோடு கருக்கூடத்துக் கதவருகே வந்தவன், கதவுக் கண்ணாடி வழியே சகலையைப் பார்த்தேன். அவர் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார்.

பெட்டியைத் திறந்து உள்ளங்கையை உள்ளே வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. பெட்டியின் பக்கவாட்டில் தட்டினார். இருபத்தைந்து என்ற எண்ணைப் பார்த்து, "ஐயையோ" என்று உதடு அசைந்தது. குளிர்விக்கும் மெஷின் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிட்டார் மனுஷன். மாட்டுக்காரர் புத்தி. குழாய்த் தாங்கியை இரண்டு கையாலும் எடுத்து, மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜைத் திறந்து, புட்டிகளை ஒதுக்கி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் உள்ளே வைத்தார். சாத்தினார். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டு, பன்றியைப் பார்க்கப் பின்கதவு வழியே கொட்டகைக்குப் போய்விட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று அடிக்கப் பத்து நிமிடம்.

நான் கதவைத் தள்ளவில்லை.

எனக்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: முதலில் வந்தது சந்தோஷம். திருட்டுத்தனமாக, சூடாக. நான் எதுவும் செய்யவில்லையே! கையைக்கூட அசைக்கவில்லை. கைராசிக்காரர் தன் கையாலேயே வைத்தார். மூன்று வாரம் கழித்து ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. முதலாளியம்மா புருவத்தைத் தூக்குவார். ரேடியோ ஊமையாவார். மாமனார் ஃபோனில் என் உடம்பைப் பற்றி முழு வாக்கியம் கேட்பார். சகலை தலையைக் குனிந்து நிற்கும்போது நான் பெரிய மனதுடன் தோளில் தட்டி, "விடுங்க, பழகப் பழகச் சரியாயிடும்" என்பேன். அந்த வசனத்தை இரண்டு விதமாகச் சொல்லியும் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது விதம் நன்றாக இருந்தது.

அப்போது ஃப்ரிட்ஜின் மோட்டார் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. கதவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. உள்ளே கிடப்பவை சகலையுடையவை அல்லவே என்று அப்போதுதான் பொறி தட்டியது. காலையிலிருந்து குனிந்த கழுத்தோடு ஒவ்வொன்றாக நான் பொறுக்கியவை. விளிம்பு சற்றே நெளிந்த ஒன்றைத் தள்ளலாமா வேண்டாமா என்று கால் மணி நேரம் யோசித்து, பிழைக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டேன். அதுவும் அங்கேதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினேன். கடிகாரத்தில் ஒன்று அடிக்க ஒரே நிமிடம். ஒன்பது நிமிடம் நின்றிருக்கிறேன்.

தாங்கியை வெளியே எடுத்து நடுவில் வெப்பமானியைச் செருகினேன். பதினாறு. ஓரத்துக் குழாய் ஃப்ரிட்ஜின் உள்சுவரை ஒட்டிக் கிடந்திருந்தது. அதை அளந்து பார்க்கத் துணிவு வரவில்லை. பெட்டியில் வைத்து மூடும்போது பின்கதவு திறந்தது.

"அண்ணா, பெட்டி ரிப்பேர்ணா! குளுமையே இல்ல. நான்தான் எடுத்து ஃப்ரிட்ஜ்ல..."

"சகலை, இது பன்றிக் கரு. குளிர் பட்டா செத்துடும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். "எவ்வளவு நேரம்ணா இருந்துச்சு?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால், பார்த்துக்கொண்டு நின்றது யார் என்ற கேள்வியும் கூடவே வருமே.

"நீங்க வெச்சீங்க, நான் வந்துட்டேன். உடனே எடுத்துட்டேன்."

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய கண்ணீர் என் கையில் பட்டது. கைராசி ஒட்டிக்கொள்ளும் என்றால் அன்றைக்கே ஒட்டியிருக்க வேண்டும்.

சாயங்காலத்துக்குள் முப்பத்தேழாம் நம்பர் பன்றிக்குக் கருக்களைச் செலுத்தினார். அது கண்ணை மூடிக்கொண்டு சிலையாட்டம் நின்றது, வேறென்ன. மூன்று வாரத்தில் ஸ்கேன் பார்த்தார்கள்: சினை. பண்ணையே கைதட்டியது. சகலை, "எல்லாம் அண்ணா வெச்சிருந்த பக்குவம்" என்று என்னைக் கைகாட்டினார். நான் எதற்காக ஏங்கினேனோ அதே பாராட்டு. அவர் கையிலிருந்து அது வந்தபோது, அவர் போட்டுக் கழற்றிய சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

நாள் நிறைந்து முப்பத்தேழாம் நம்பர் குட்டி போட்டது. நான்கு.

ஒன்பது, பத்து வர வேண்டிய இடத்தில் நான்கு. கொட்டகையில் எல்லோரும் நின்றிருந்தோம். ரேடியோகூடச் சத்தமில்லாமல் இருந்தார். முதலாளியம்மா குட்டிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எங்க தப்பு?"

"என் தப்புங்கம்மா," என்று சகலை முன்னால் வந்தார். "கருவ எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டேன். தெரியாம. அண்ணா அந்த நிமிஷமே எடுத்திருக்கலேன்னா இந்த நாலும் கிடையாது. அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்."

கொட்டகையில் ஒரு 'அடடா' ஓடியது. தப்பைக்கூட எவ்வளவு அழகாகச் செய்கிறார் பாருங்கள் என்று என் வயிறு எரிந்தது. அந்த நான்கும் போக, வராமல் போன குட்டிகள் என் கணக்கு. அதையும் அவர் பெயரில் எழுதிக்கொண்டு போகிறாரே!

"இல்லம்மா," என்றேன். "அந்த நிமிஷம் எடுக்கல. அவர் வெக்கறத கண்ணாடி வழியா நான் பாத்தேன். ஒன்பது நிமிஷம் பாத்துக்கிட்டே நின்னேன்."

"எதுக்கு நின்னீங்க?"

"பொறாமைம்மா. அவருக்குப் பேர் கெடட்டும்னு."

முதலாளியம்மா சிரித்துவிட்டார்.

"நீங்களா? பதினோரு வருஷமா ஒரு துளி சிந்தாதவரு, கரு சாகறத பாத்துக்கிட்டு நின்னீங்களா? சகலைய காப்பாத்தணும்னா நம்பற மாதிரி ஒரு பொய் சொல்லக் கூடாதா?"

"பொய் இல்லம்மா..."

"போதும். உங்க பாசத்த மெச்சிக்கறேன். ஆனா தலைவரா இருக்கறவர் வேலையில நடந்தத நடந்தபடி சொல்லணும். சொந்தக்காரருக்காக மாத்திச் சொல்றவர நான் உக்கார வெக்க முடியாது. இவரு தப்பு பண்ணாரு, மறைக்காம சொன்னாரு. தலைவர் இவருதான். பெட்டிய பத்தி நீங்க சொல்லிக் குடுங்க."

எத்தனையோ பேரம் பார்த்த கண், அன்று என்னை மட்டும் தப்பாக எடை போட்டது.

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசல்வரை வந்தாள். செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. டவலை நீட்டினாள், டீயை நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு நீங்க பெரிய மனுஷனா நடந்துக்கிட்டீங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. முகவரி மாறி வீட்டுக்கு வந்த பார்சல் என்று தெரியும். இருந்தும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். டீ நன்றாக இருந்தது.

"தங்கச்சி வீட்டுக்காரர் ஃபோன் பண்ணார்," என்றாள் தொடர்ந்து. "உங்கள நெனச்சு நெனச்சு அழுதார். இந்தக் காலத்துல அவர மாதிரி ஒரு மனசு யாருக்குங்க வரும்?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆமா" என்றேன்.