இடது கைக் கட்டம்

அண்ணியின் இடது கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி மூன்றாவது முறையாகக் காற்று ஏற்றிப் பார்த்த செவிலி, ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினாள். மணிக்கட்டில் விரல் வைத்தாள். விரலைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி வைத்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள். மெஷின் பழசாகிவிட்டது போல என்றாள் அண்ணி, அந்தச் செவிலிக்கும் தான்தான் ஆறுதல் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி. நானும் இருபது வருடமாகச் செவிலி வேலை பார்ப்பவள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

எங்கள் தையல் கம்பெனியின் மருந்தறை என் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானூறு பேருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து அவரவர் அட்டையில் எழுத வேண்டும். வலது கைக்கு ஒரு கட்டம், இடது கைக்கு ஒரு கட்டம். இரண்டு கையையும் பார்க்கச் சொல்லி விதி எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது அந்த வரிசையைப் பார்த்திருக்க மாட்டார். பின்னால் சூப்பர்வைசர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே நிற்பார். நான் வலது கையை மட்டும் பார்ப்பேன். இடது கட்டத்தில் இரண்டைக் குறைத்து எழுதிவிடுவேன். நூற்றுப் பதினெட்டு என்றால் நூற்றுப் பதினாறு. ஒரே எண்ணை எழுதினால்தானே சந்தேகம் வரும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அண்ணியை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். மூன்று வருடம், அவள் அட்டையில் பன்னிரண்டு வரிகள். கொடியில் துணி காயப்போடும்போது பாதியிலேயே இடது கையை இறக்கித் தொங்கப்போட்டுக்கொள்வாள். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்று அண்ணன் கேலி செய்வான். நரம்பு பிடித்திருக்கும், எண்ணெய் தேய்த்துவிடுங்கள் என்று நானும் என் பங்குக்கு வைத்தியம் சொன்னேன். போன வாரம் தையல் மெஷின் முன்னாலேயே கண் இருட்டிச் சாய்ந்துவிட்டாள். அதன் பிறகுதான் இந்த மருத்துவமனை, ஸ்கேன் எல்லாம்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை அணு உண்டாம். உடம்புக்குள் வந்த கிருமியை இன்னதென்று அடையாளம் கண்டு மற்ற அணுக்களுக்கும் ஆள் அனுப்புவது அதன் வேலை. அண்ணியின் உடம்பில் அது பெரிய ரத்தக் குழாயின் சுவரையே அந்நியனாக நினைத்துவிட்டது. சுவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு மற்றதையெல்லாம் அழைக்கிறது. சுவர் வீங்க வீங்க ரத்தம் போகும் வழி சுருங்குகிறது. கைக்குப் போகும் கிளை ஏறக்குறைய மூடிவிட்டது, கழுத்துக்குப் போவதிலும் வீக்கம் தெரிகிறது என்றார்.

"தப்பு பண்றோம்னே அதுங்களுக்குத் தெரியாதும்மா. வேலையை ஒழுங்கா செய்யறதாத்தான் நினைச்சிட்டிருக்கும்," என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இது எத்தனை நாளாக இருக்கிறது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ரத்தப் பரிசோதனை அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. மெதுவாக வந்தது என்றால் மாத்திரையில் தொடங்கிப் பார்க்கலாம். வேகமாக வந்தது என்றால் அதற்கெல்லாம் நேரமில்லை. பழைய சீட்டு ஏதாவது உண்டா என்று கேட்டார். அண்ணி பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்த கம்பெனி அட்டையை எடுத்து நீட்டினாள்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம பார்ப்பா டாக்டர். என் நாத்தனார்தான்."

அவர் என் கையெழுத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"போன தடவை வரைக்கும் இடது கை நல்லாத்தான் இருந்திருக்கு. அப்போ எல்லாமே இந்த மூணு மாசத்துல நடந்தது."

நாளைக் காலை நரம்பு வழியாக மருந்து ஏற்றுவது என்று முடிவாயிற்று. கடுமையான மருந்து. கெட்டுப்போன டி செல்களோடு நல்லதையும் சேர்த்து அடக்கிவிடும். அதன் பிறகு சாதாரணச் சளிகூட நுரையீரலுக்கு இறங்கி ஆளைச் சாய்த்துவிடலாம், ஆனால் இந்த வேகத்தில் போகிறதென்றால் வேறு வழியில்லை என்றார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அண்ணனை மேசைக்கு அழைத்துப் போனார்கள். அந்த இடது கையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று இப்போதாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் வேலை போகும். அண்ணன் இனி என் முகத்தில் விழிக்க மாட்டான். நானூறு பேரின் இடது கையும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றது. எனக்குப் பயமாக இருந்தது, வெறும் பயம்.

அண்ணி கட்டிலில் சாய்ந்தபடி இடது கையை என் மடியில் வைத்தாள்.

"நீ ஒரு தடவை நாடி பாரேன். இவங்களுக்கெல்லாம் பழக்கம் பத்தாது. உன் கைக்குக் கிடைக்கும்."

மூன்று விரலை வைத்தேன். கை சில்லென்று இருந்தது. ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் துடிப்பு வந்தது, தெளிவாக, வேகமாக, தப்பாமல். அது என் விரல் நுனியின் துடிப்பு. இருபது வருடத்தில் அந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் போகாது.

"இருக்கா?" என்று கேட்டாள்.

வெளியே மேசையருகில் அண்ணன் யாரிடமோ பேனா கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அந்த அட்டையில..." என்றேன். விரலுக்கடியில் என் துடிப்பு இன்னும் வேகமாயிற்று.