பச்சையும் சேர்த்துப் பறித்தவன்

கூடை வார் இறுகிய இடத்தில் இடுப்பு அறுந்துவிடும்போல வலித்தது. மலைச்சரிவில் எனக்கு இரண்டு நிரை தள்ளி, தம்பி ஹெய்மர் இரண்டு கையாலும் காப்பிக் கிளைகளை உருவிக்கொண்டிருந்தான். நாலு நாளாக அவன் தூங்கவில்லை.

"மெதுவாடா," என்றேன்.

"மெதுவா பறிக்க நான் என்ன கெழவனா? உனக்கு ரெண்டு மாடி வீடு கட்டித் தர்றேன் பாரு, அக்கா!"

மத்தியானம் எடை போட்டார்கள். ஹெய்மர் பறித்தது மட்டும் நூற்றெண்பது கிலோ. பறிப்பாட்கள் விசிலடித்தார்கள். கண்காணி ஓவிடியோ அவன் மூட்டைகளில் ஒன்றைத் தரையில் கவிழ்த்தான். பாதிக்கு மேல் பச்சைக் காய். இலை, ஒடிந்த கொம்பு, அடுத்த விளைச்சலுக்கான மொட்டுகூடக் கிடந்தது.

"பழம் பறிச்சியா, மரத்துக்கு மொட்டை போட்டியா? உங்க ஆத்தாளும் இப்படித்தான், ஒரே நாள்ல அடுப்பை அஞ்சு தரம் இடிச்சுக் கட்டுச்சு. அப்புறம் ஆறு மாசம் கட்டிலை விட்டு எறங்கல. திங்கக்கிழமையில இருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்."

தோட்டத்தையே வாங்கப்போவதாகச் சொன்னான் ஹெய்மர். "என்னையும் வேலைக்கு வெச்சுக்க, மொதலாளி!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஹெய்மரும் சிரித்தான்.

சுகாதார நிலையத்துக்கு அவனை இழுத்துப் போனேன். அவன் அடங்கித் தூங்குவதற்கு நர்ஸ் யமிலே ஊசி போட்டாள். பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் அவன் முழங்கால் அடங்காமல் ஆடியது.

"உங்க குடும்பத்துல பதினோரு பேர்கிட்ட ரத்தம் எடுத்தாச்சு," என்றாள் யமிலே. "பரம்பரையா வர்ற ஏதோ ஒண்ணுதான் மூளையில சுரக்கிறதைக் கலைச்சு, இப்படி ஆட வெச்சு அப்புறம் கட்டில்ல தள்ளுதுன்னு நகரத்து டாக்டருங்க நினைக்கிறாங்க, அதைத்தான் தேடுறாங்க. இன்னும் பிடிபடல. நீதான் பாக்கி, எல்வியா."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"இல்லாதவங்க ரத்தமும் வேணும். பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தானே வித்தியாசம் தெரியும்?"

போன மாதம் மூன்று நாள் தூங்காமல் வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளையடித்தேன். களைப்பே இல்லை. கூரைமேல் ஏறிக் கத்தலாம்போல அவ்வளவு சந்தோஷம். அதை யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றில் மூன்று மாதம் என்பதையும்தான்.

கையை நீட்டினேன். யமிலே ரப்பரை இறுக்கிக் கட்டினாள். நரம்பு நீலமாகப் புடைத்தது. அவள் ஊசியின் உறையைப் பிரிக்கத் திரும்பியதும் ரப்பரை அவிழ்த்து மேசையில் வைத்தேன். ஹெய்மரின் சட்டையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே நடந்தேன்.

"எல்வியா!"

திரும்பவில்லை. அவளுக்கு நான் தர வேண்டியது ஒரு குழாய் ரத்தம். இன்னும் தரவில்லை.